மொட்டை மாடி

'நண்பன்' படத்தில் வருகிற காலேஜ் எந்த ஊரில் இருக்கிறது என்று எங்கள் ஹாஸ்டலில் பெரிய விவாதமே நடந்தது. 2012 பொங்கலுக்கு வந்த படம். ஊட்டி என்றாள் ஒருத்தி, சென்னைதான் என்றாள் இன்னொருத்தி. அரியலூர்ப் பக்கத்து கிராமத்திலிருந்து வந்த என் அறைத்தோழி மட்டும், "எந்த ஊரா இருந்தா என்னடி, நாம போகவா போறோம்" என்று துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஏழு வருஷம் கழித்து வேலை விஷயமாக டேராடூன் போனபோது பார்த்தேன். அது வன ஆராய்ச்சி நிறுவனம். 1929-ல் திறக்கப்பட்ட, வெள்ளைக்காரர் காலத்து செங்கல் மாளிகை. டிக்கெட் வாங்கினால் யாரும் உள்ளே போகலாம். இந்தி மூலமான 'த்ரீ இடியட்ஸ்' எடுக்கப்பட்டதோ பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் கருங்கல் வளாகத்தில். மரத்தைப் படிக்கும் இடமும் மேனேஜ்மென்ட் படிக்கும் இடமும்தான் நமக்கு இன்ஜினியரிங் காலேஜாகக் காட்டப்பட்டிருக்கின்றன. பெரம்பலூரில் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே நிற்கும் எங்கள் நாலு மாடிக் கட்டடத்தை எந்த கேமரா தேடி வரும்?

அங்கே ஒரு மியூசியத்தில் எழுநூறு வருஷத்து தேவதாரு மரத்தின் குறுக்குவெட்டை வைத்திருக்கிறார்கள். எங்கள் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்துக்கு வயது 12 கோடி வருஷம். கொஞ்சம் பெருமையாக இருந்தது.

படத்தில் எனக்குப் பிடித்தது பாட்டோ ஹீரோவோ இல்லை, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி. பையன்கள் ராத்திரியில் ஏறி உட்கார்ந்து, குடித்து, அழுது, நண்பர்கள் ஆகிற இடம். எங்கள் ஹாஸ்டலில் ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டுவார்கள். மாடிக் கதவில் எப்போதும் பூட்டு. சாவி வார்டன் மேடத்திடம். பையன்கள் ஹாஸ்டலுக்கு ஒன்பதரை. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

படத்தை லேப்டாப்பில் பத்துப் பேர் சேர்ந்து இன்னொரு தடவை பார்த்தோம். அந்த மேடைப் பேச்சு வந்தது. தமிழ் சரியாகத் தெரியாதவனின் உரையில் 'கற்பித்தல்' இருந்த இடமெல்லாம் 'கற்பழித்தல்' ஆகிவிடும். படத்தில் அரங்கமே உருண்டு சிரிக்கிறது. தியேட்டரில் நானும் சிரித்திருந்தேன்; இரண்டாம் தடவையும் சிரித்தேன். அறைத்தோழி எழுந்து போய்விட்டாள்.

ராத்திரி விளக்கணைத்த பிறகு சொன்னாள். "எங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணுக்கு அது நடந்துச்சு. எங்கப்பா பயந்துபோயி என்னைய ரெண்டு வருசம் வீட்ட விட்டு அனுப்பல. நான் உங்களவிட ரெண்டு வயசு மூத்தவ, தெரியுமா?"

தெரியாது. அவள் ஏதோ அரியர் வைத்துவிட்டு வந்தவள் என்று நினைத்திருந்தேன். அப்படிச் சொல்லி அவளைக் கேலிகூட செய்திருக்கிறேன்.

டேராடூனிலிருந்து அவளுக்கு வீடியோ கால் போட்டேன். இப்போது அரியலூரில் ஒரு சிமெண்ட் கம்பெனி அலுவலகத்தில் இருக்கிறாள். தாழ்வாரத்தையும் வளைவுகளையும் புல்வெளியையும் சுற்றிக் காட்டினேன். ஒரு நிமிஷம் பேசாமல் பார்த்தவள், "மேல போனியா?" என்றாள்.

"இல்ல."

"விடலையா?"

"கேக்கல."

"கேளேண்டி" என்றாள்.