தம்பியின் கால்களும் ஷ்வான் செல்களும்



"ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று மாதம் ஆச்சே, இன்னுமா வாக்கர்?" என்று என் தம்பியைப் பற்றிப் பலரும் கேட்கிறீர்கள். அவனிடமே கேட்பவர்களும் உண்டு. அப்படிக் கேட்ட நாளெல்லாம் அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. முப்பது வருஷம் விலங்கியல் எடுத்தவள், சுருக்கமாகச் சொல்ல வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு வந்தது கில்லன் பாரே நோய். பக்கவாதம் இல்லை, மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை (ஊரில் யாரோ அப்படிச் சொல்லித் திரிவதாகக் கேள்வி). வயிற்றுப்போக்கு வந்து இரண்டு வாரம் கழித்துக் கால் மரத்தது. நாலாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் படையே நரம்பின் மையலின் உறையைத் தாக்கிவிட்டது. உறையுள்ள பெரிய நரம்பிழையில் செய்தி விநாடிக்குச் சுமார் 50 மீட்டர் ஓடும். உறை உரிந்த இடத்தில் அது தடுமாறும், சில இடங்களில் நின்றே போகும்.

ரான்வியர் கணு படம் வரைந்து பாகம் குறித்தது நினைவிருக்கிறதா? இரண்டு கணுவுக்கு இடையே ஒரு ஷ்வான் செல். அது தன் சவ்வையே ஆக்ஸானைச் சுற்றிச் சுற்றிப் போர்த்துகிறது. தலைப்பாகை மாதிரி மேலே மேலே சுற்றுவதில்லை. அதன் உள்விளிம்பு, ஏற்கெனவே சுற்றியதற்கு அடியில் நுழைந்து நுழைந்து போகும். புதுச் சுற்று எப்போதும் ஆக்ஸானை ஒட்டித்தான்.

எந்த இழைக்கு உறை, எத்தனை சுற்று என்று யார் முடிவு செய்வது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 1976இல் மாண்ட்ரியலில் ஆல்பர்ட் அகுவாயோ குழுவினர், உறையில்லாத இழைகளே மிகுந்த ஒரு நரம்பிலிருந்து துண்டு எடுத்து, உறையுள்ள இழைகள் கொண்ட நரம்பில் ஒட்டினார்கள். அதுவரை உறை போடாமல் இருந்த ஷ்வான் செல்கள், புது ஆக்ஸான்கள் உள்ளே வளர்ந்து வந்ததும் உறை போட ஆரம்பித்துவிட்டன! ஆக, உத்தரவு ஆக்ஸானுடையது.

ஆக்ஸானின் மேற்பரப்பில் இருக்கும் நியூரெகுலின்-1 என்ற புரதம்தான் அந்த உத்தரவு. ஷ்வான் செல்லின் எர்ப்-பி2, எர்ப்-பி3 ஏற்பிகள் அதை உணர்கின்றன. 2004இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் கிளாஸ்-ஆர்மின் நாவே குழு எலிகளில் பார்த்தது: புரதம் குறைந்தால் உறை மெலிகிறது, கூடினால் தடிக்கிறது. ஜிபிஆர்126 என்ற இன்னொரு ஏற்பி, செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பியை உயர்த்திக் கைகொடுக்கிறது. கடைசியில் க்ரோக்ஸ்-20 என்ற ஜீன் விழித்தால்தான் மையலினுக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் தயாராகும்.

குழந்தைப் பருவத்தில் நடந்த இந்தப் பேச்சுவார்த்தைதான் ஐம்பத்தெட்டு வயதில் தம்பியின் காலில் மறுபடி நடக்கிறது. ஷ்வான் செல்கள் பெருகி, ஆக்ஸானோடு சேர்ந்து, திரும்பச் சுற்ற வேண்டும். இப்போது போடும் உறை பழையதைவிட மெல்லியது, நீளமும் குறைவு. ஆனால் செய்தி போகும். சில ஆக்ஸான்களே அடிபட்டிருப்பதாக டாக்டர் சொன்னார். அவை வளர்வது நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். முழங்காலிலிருந்து பாதம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கை நீங்களே போடுங்கள். மூன்று மாதம் என்ன மாதம்?

போன வியாழக்கிழமை வலது கட்டைவிரல் அசைந்தது. பிசியோதெரபி தருவது நம் 2009 பேட்ச் பையன், "டீச்சர், பாருங்க பாருங்க" என்று அவன்தான் கத்தினான்.

பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். கிரிக்கெட் பேசுங்கள், ஊர்க்கதை பேசுங்கள். "எப்ப நடப்பே?" மட்டும் வேண்டாம். காலை ஏழிலிருந்து எட்டு வரை அவனுக்குப் பயிற்சி, அந்த நேரம் விட்டு வாருங்கள்.