ஐந்து கவுண்டிகளும் ஓர் உறுதியும்

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் வீடுவாசல்களைத் துறந்து மழையிலும் இருளிலும் நாவற்குழி நோக்கி நடந்தபொழுது, நாமும் அக்கூட்டத்தில் ஒருவராய் நடந்தோம். எமது அன்னையார் சோற்றுப் பானையை விட்டார். தையல் இயந்திரத்தை விட்டார். பழைய பிஸ்கட் தகரம் ஒன்றை மாத்திரம் சேலைத் தலைப்பில் சுற்றி மார்போடணைத்துக் கொண்டார். அத்தகரத்தினுள் இருந்தவை காணி உறுதிகள். வீடு எரியலாம், உறுதி எரியக்கூடாது என்பது அவரது சித்தாந்தம். அதை அன்று நாம் நகைத்தோம். பின்னர் பல ஆண்டுகள் கழித்து, உலகத்தின் மறுகோடியில், நியூயோர்க் மாநகரத்தில், வேறொரு மூதாட்டியின் கையில் அதே போன்றதொரு பையைக் கண்டபோது நகைக்க மனம் வரவில்லை.

2022 ஆம் ஆண்டில் எமது சகோதரியின் குடும்பத்தோடு சில மாதங்கள் ஸ்டாற்றன் தீவிலே தங்கியிருந்தோம். இலங்கையர் பலர் வாழும் தீவு அது. சிங்களமும் தமிழும் ஒரே கடை வாசலில் கேட்கும். பக்கத்து வீட்டிலே பார்படோஸ் தீவைப் பூர்வீகமாகக் கொண்ட கறுப்பின மூதாட்டியார் ஒருவர் இருந்தார். வைத்தியசாலையொன்றில் முப்பது வருடங்கள் தாதியாய் உழைத்து ஓய்வு பெற்றவர். நாம் ஆசிரியத் தொழில் செய்தவர் என்பதை அறிந்த அன்று மாலையே, ஒரு துணிப்பை நிறையக் கடதாசிகளுடன் வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற வாத்தியாரைக் கண்டால் மனுவெழுதக் கடதாசி கொண்டு வருதல் எமது ஊருக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று போலும்!

விடயம் இதுதான். அவருடைய பெற்றோர் 1962 இல் புரூக்ளின் பகுதியிலே ஒரு வீடு வாங்கினர். தந்தையார் முதலில் இறந்தார். பின் தாயாரும் மரணசாசனம் எதுவும் எழுதாது இறந்தார். பிள்ளைகள் நால்வர். அவர்களுள் ஒருவர் இறந்துவிட, அவருடைய கால்பங்கு அவர் மகனைச் சேர்ந்தது. அந்த இளைஞன் ஏதோ கடன் நெருக்கடியில், வீடு தேடி வந்த ஒரு கம்பனிக்குத் தன் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டான். கம்பனியோ கால்பங்கை வைத்துக்கொண்டு, முழு வீட்டையும் விற்றுப் பணத்தைப் பங்கிடும்படி வழக்குத் தொடுத்திருந்தது. மூதாட்டியின் தங்கை இன்னும் அவ்வீட்டிலேயே குடியிருந்தார். இலவசச் சட்ட உதவி வழங்கும் வழக்கறிஞர் முதலில் கேட்டது, தாயின் பெயரிலுள்ள உறுதியின் பிரதி. பையில் மின்சாரப் பட்டியல் இருந்தது, வரிச் சிட்டை இருந்தது, தேவாலய நினைவு மலர் இருந்தது. உறுதி மட்டும் இல்லை.

உறுதி எங்கே பதியப்பட்டுள்ளது என்ற எளிய வினாவுக்கு அந்நகரத்திலே எளிய விடை இல்லை. அமெரிக்க நாட்டில் காணிப் பதிவு பெரும்பாலும் கவுண்டி என்னும் நிர்வாகப் பிரிவின் கடமை. ஒரு கவுண்டியினுள் பல நகரங்கள் அடங்குதல் வழமை. நியூயோர்க்கிலோ நகரம் ஐந்து கவுண்டிகளை விழுங்கி நிற்கிறது. அதுவரை தனி நகரமாய் விளங்கிய புரூக்ளினும் ஏனைய பகுதிகளும் 1898 இல் ஒரே மாநகராக இணைக்கப்பட்டன. எனினும் கவுண்டிகள் அழியவில்லை. மன்ஹற்றன் நியூயோர்க் கவுண்டியாகவும், புரூக்ளின் கிங்ஸ் கவுண்டியாகவும், ஸ்டாற்றன் தீவு றிச்மண்ட் கவுண்டியாகவும் இரட்டைப் பெயர் பூண்டு நிற்கின்றன. குயீன்சுக்கு இரண்டும் ஒரே பெயர். பிரொங்ஸ் 1914 இல் தனிக் கவுண்டியாகியது. ஸ்டாற்றன் தீவு தவிர்ந்த நால்வகைப் பகுதிகளின் உறுதிகளையும் மாநகரப் பதிவாளர் பதிகிறார். ஸ்டாற்றன் தீவின் உறுதிகளை மட்டும் றிச்மண்ட் கவுண்டியின் எழுதுவினைஞர் தனியாகப் பதிகிறார்.

இதனை அறியாத நாம், மூதாட்டியார் தீவில் வசிப்பதால் தீவின் கந்தோரிலேயே அவருடைய குடும்பத்து உறுதியும் இருக்குமென நம்பி, சென் ஜோர்ஜ் துறைமுகத்தருகே உள்ள அலுவலகத்தின் வரிசையில் ஒரு முற்பகல் முழுதும் நின்றோம். நின்றது எமது பேதைமை. ஆள் எங்கே வசிக்கிறார் என்பதைக் கொண்டல்ல, நிலம் எங்கே கிடக்கிறது என்பதைக் கொண்டே பதிவு நடைபெறும் என்பதை, காணிக் கந்தோர் வாசலில் பாதி வாழ்நாளைக் கழிக்கும் யாழ்ப்பாணத்தவர் மறந்திருக்கலாகாது.

அன்றிரவு எமது சகோதரியின் மகள் கணினியை விரித்தாள். 2003 ஆம் ஆண்டு முதல் நால்வகைப் பகுதிகளின் பதிவுகளையும் எவரும் கட்டணமின்றி வீட்டிலிருந்தே பார்க்கலாம். பெயரைக் கொண்டு தேடலாம். ஆனால் ஒரே பெயருடையோர் ஆயிரவர் உளர். உறுதியான வழி, நிலத்தின் இலக்கத்தைக் கொண்டு தேடுதலே. மாநகர் முழுவதும் புளொக் எனவும் லொட் எனவும் கூறு போடப்பட்டுள்ளது. பகுதிக்கோர் இலக்கமும் உண்டு: மன்ஹற்றன் 1, பிரொங்ஸ் 2, புரூக்ளின் 3, குயீன்ஸ் 4, ஸ்டாற்றன் தீவு 5. எமது உறுதிகளில் கிழக்கே இன்னாரின் பனந்தோப்பு, வடக்கே ஒழுங்கை என அயலவரைச் சாட்சிக்கழைத்து எல்லை கூறுவோம். அங்கே அயலவர் எவருமிலர், எண்கள் மாத்திரமே.

எண்ணை இட்டதும் கம்பனிக்கு எழுதப்பட்ட உறுதி ஒரு நொடியில் திரையில் வந்தது. கைம்மாறு பத்து டொலரும் ஏனைய பெறுமதியானவையும் என எழுதியிருந்தது. இது அந்நாட்டு உறுதிகளில் வழமையான வாசகம். உண்மை விலை வரிப் பத்திரத்தில் வேறாகக் காட்டப்படும். ஆனால் அம்மூதாட்டியார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அந்தப் பத்து டொலரையே வாசித்துக் கொண்டிருந்தார். 1962 ஆம் ஆண்டின் உறுதியோ திரையில் இல்லை. கணினியில் தேடக் கிடைத்தவை 1966 முதலான பதிவுகளே. அதற்கு முற்பட்டவற்றுக்கு அந்தந்தப் பகுதியின் கந்தோரை நாடவேண்டும் என்றாள் மகள். “மாமா, இந்த முறை சரியான கந்தோருக்குப் போங்கோ” என ஒரு குத்தும் வைத்தாள்.

பதிவு என்பது உண்மைக்குச் சான்று என நம்மிற் பலர் எண்ணுகிறோம். அது தவறு. பதிவாளர் பார்ப்பது கடதாசியின் உருவத்தையே: கையொப்பம் நொத்தாரிசு முன்னிலையில் இடப்பட்டதா, முகப்புத்தாள் உளதா, வரிப் பத்திரங்களும் கட்டணமும் சேர்ந்துளவா என்பனவே வினாக்கள். எழுதிக் கொடுத்தவன் உண்மையில் உரித்தாளனா என்பது அவர் வினாவன்று. இலங்கையிலே 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணிக் கைமாற்றத்துக்கு நொத்தாரிசும் சாட்சிகள் இருவரும் வேண்டும். நொத்தாரிசே உறுதியை எழுதி முடிப்பார். அங்கே நொத்தாரிசு என்பவர் மருந்துக் கடையிலும் இருப்பார், வங்கியிலும் இருப்பார். கையொப்பமிட்டவர் இவரே என ஒப்புதல் வாங்குவதோடு அவர் கடமை தீர்ந்தது. 2008 இல் அந்நகரத்துப் பத்திரிகையான டெய்லி நியூஸ் இந்த ஓட்டையைச் சோதித்துக் காட்டியது. போலிக் கம்பனியொன்றின் பெயரில் போலி உறுதி எழுதி, சாட்சியாக கிங்கொங் திரைப்பட நடிகையின் பெயரையும், நொத்தாரிசாகப் பழைய வங்கிக் கொள்ளைக்காரன் பெயரையும் இட்டுச் சமர்ப்பித்தது. ஒன்றரை மணி நேரத்தில் எம்பயர் ஸ்டேற் கட்டடம் கைமாறிற்று! பத்திரிகை அதனை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆனால் புரூக்ளின் விதவைகளின் வீட்டைப் பறித்தவர்கள் திருப்பிக் கொடுப்பதில்லை. 2014 முதல் 2023 வரை உறுதித் திருட்டுப் பற்றி அம்மாநகரில் கிடைத்த முறைப்பாடுகள் சுமார் 3,500. அவற்றுள் மிகப் பெரும்பங்கு புரூக்ளினைச் சேர்ந்தது. 2024 ஜூலையிலேதான் உறுதித் திருட்டு என்பது நியூயோர்க் மாநிலத்துக் குற்றவியல் சட்டத்தில் தனித்து வரையறுக்கப்பட்டது.

ஏன் புரூக்ளின்? இவ்வினாவுக்கு விடை காண நிலத்தின் வரலாற்றைத்தான் புரட்ட வேண்டும். 1821 ஆம் ஆண்டின் நியூயோர்க் அரசியல் சாசனம், 250 டொலர் பெறுமதியான ஆதனம் இல்லாத கறுப்பு ஆடவனுக்கு வாக்கில்லை என்றது. வெள்ளையருக்கு அத்தகைய நிபந்தனை ஒழிந்து வந்த காலம் அது. ஆகவே நிலம் வாங்குதல் கறுப்பின மக்களுக்கு அரசியல் போராட்டமாயிற்று. 1838 இல் துறைமுகத் தொழிலாளியான ஜேம்ஸ் வீக்ஸ் என்பார் புரூக்ளினில் ஒரு துண்டு நிலம் வாங்கினார். அதனைச் சூழ வளர்ந்த கிராமம் வீக்ஸ்வில் எனப் பெயர் பெற்றது. அவர்களுக்கு உறுதி என்பது வாக்குச் சீட்டு. ஆதன நிபந்தனை 1870 வரை நிலைத்தது. பின்னர் 1930களிலே கடன் நிறுவனங்களுக்கென வரையப்பட்ட வரைபடங்களில் பெட்போர்ட்–ஸ்ரைவசன்ற் போன்ற கறுப்பின மக்கள் வாழிடங்கள் செந்நிறம் பூசப்பட்டன. சிவப்பென்றால் வங்கி கடன் கொடாது. அவ்வாறு ஒதுக்கப்பட்ட தெருக்களில், இரட்டை வேலை செய்து சிலர் வாங்கிய வீடுகளே இன்று இலட்சக்கணக்கான டொலர் பெறுகின்றன. விலை ஏறியதும் வாசலைத் தட்டும் கம்பனிகளும் வந்து சேர்ந்தன.

இதை எழுதும் நாம் எமது உறுதிகள் தூய்மையானவை எனக் கொள்ளவில்லை. ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டளவில் தொகுப்பித்த தேசவழமையிலே, பங்காளி தன் பங்கை விற்குமுன் ஏனைய பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்னும் முன்விலைக்குரிமை உண்டு. கம்பனிகள் புகாதிருக்க அது நல்ல வேலிதான். நியூயோர்க் மாநிலமும் 2019 இல் இயற்றிய சட்டத்தால், வழக்குத் தொடுத்த பங்காளியின் பங்கை உறவினர் மதிப்பிட்ட விலைக்கு வாங்க வாய்ப்பளித்தது. ஆனால் எமது ஊரில் அதே வேலி, தாழ்த்தப்பட்ட மக்கள் ஒரு பரப்புக் காணிதானும் வாங்காதவாறு தடுக்கவும் பயன்பட்டது. அன்னையாரின் தகரத்தில் உறுதி இருந்தது. எமது வளவின் பின்புறம் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த குடும்பத்திடமோ சுமந்து செல்ல ஒரு கடதாசி இருந்ததில்லை. அவ்விரவில் அவர்கள் எம்மிலும் வேகமாக நடந்தனர் என்பது நினைவுக்கு வருகிறது.

அடுத்த வாரம் மூதாட்டியாரோடு கட்டணமில்லாக் கப்பலில் மன்ஹற்றன் சேர்ந்து, அங்கிருந்து நிலக்கீழ் இரயிலில் ஒரே ஒரு தரிப்பில் புரூக்ளின் சேர்ந்தோம். இம்முறை கந்தோர் சரியானது. அலுவலரான பெண்மணி புளொக், லொட் இலக்கங்களைக் கேட்டறிந்து, மைக்ரோபிலிம் சுருளையும் பக்கத்தையும் தேடும் விதம் காட்டினார். கறுப்பும் வெள்ளையுமாய்ப் பக்கங்கள் ஓடின. எத்தனை குடும்பங்கள், எத்தனை ஈடுகள்! ஒரு மணி நேரத்தின் பின் அந்த உறுதி கிடைத்தது. தட்டச்சு எழுத்தில் தந்தையார் பெயர், தாயார் பெயர், அவர் மனைவி என்ற குறிப்பு, வீதி, அளவு யாவும் தெளிவாக இருந்தன.

மூதாட்டியார் திரையருகே குனிந்து எதையோ தேடினார். தாயாரின் கையெழுத்தைத் தேடுகிறார் என்பதை அறியச் சற்று நேரம் சென்றது. உறுதியில் விற்பவரே கையொப்பமிடுவார், வாங்குபவர் இடுவதில்லை என்று அலுவலர் மெல்லக் கூறினார். அவர் தலையசைத்தார். ஆயினும் திரையை விட்டுக் கண்ணெடுத்தாரல்லர்.

சுருளை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினோம். அதே நாளில் பதியப்பட்ட அடுத்த பத்திரம் ஈட்டுறுதி. கடன் கொடுத்தது வங்கியன்று, வீட்டை விற்றவரே. கடன்பட்டோர் கையொப்பமிடும் இடத்திலே இரண்டு பெயர்கள். இரண்டாவது, பள்ளிக்கூடத்திலே கற்ற சரிந்த எழுத்தில், ஒவ்வோர் எழுத்தும் கவனமாக இணைக்கப்பட்டிருந்தது.

வழக்கறிஞர் கேட்டது உறுதியின் பிரதியை மட்டுமே என நினைவூட்டினோம். “தெரியும்” என்றார் மூதாட்டியார். கைப்பையைத் திறந்து, அந்தப் பக்கத்துக்கும் காசு எண்ணி வைத்தார்.