வலிப்பு வந்ததைச் சொல்லணுமா?

அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகுற அக்கா பையன் கேட்டான்: "மாமா, சின்ன வயசுல வலிப்பு வந்ததைச் சொல்லணுமா?" கோச்சிங்ல மூச்சு விடாதேன்னு சொன்னாங்களாம். அவங்களுக்கென்ன, ஃபீஸ் வாங்கியாச்சு!

1.6 கிலோமீட்டர் ஓட்டத்தை அசால்ட்டா முடிக்கிறவன். மெடிக்கல்ல தட்டைப் பாதம், முட்டி இடிக்குதா, நிறக்குருடு, காது சவ்வு எல்லாம் அவங்களே பார்த்துடுவாங்க. என்னைக்கோ வந்த வலிப்பு மட்டும் நாம வாயைத் திறந்தாத்தான் தெரியும். மறைக்கத் தோணுறதே அதனாலதான். ஆனா தூக்கமில்லாத பயிற்சி ராத்திரியில, லோடு பண்ண ரைபிளோட நிக்கும்போது வந்தா? பக்கத்துல நிக்கிறவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே. மறைச்சது பின்னாடி தெரிஞ்சா வேலைக்கும் ஆபத்து.

காய்ச்சலோட வந்ததா, வேற வகையான்னு நரம்பு டாக்டர்கிட்ட கேட்போம், பழைய சீட்டையெல்லாம் தேடி எடுன்னேன். மறைக்காதேன்னு சொன்னதால அக்காவுக்கு என் மேல இன்னும் கோபம்.