உயிருள்ள கலத்தைக் காணும் ஒளி

கல்லூரி ஆய்வுகூடத்தில் வெங்காயத்தோலை அயடீனில் தோய்த்து நுணுக்குக்காட்டியிற் பார்த்ததை நம்மிற் பலர் மறந்திரார். கலச்சுவரும் கருவும் தெளிவாகத் தெரிந்தன; ஆயின், நாம் கண்டது இறந்த கலத்தையே. சாயமூட்டுஞ் செயலே அதன் உயிரைப் போக்கியிருந்தது. கலம் உயிரோடிருந்து தன் தொழிலை இயற்றுகையிலேயே அதனைக் காண்பது எங்ஙனம்?

ஒருநிற ஒளியை உட்கொண்டு வேறுநிற ஒளியை உமிழும் பொருளைக் கலத்தினுட் செலுத்திப் பார்ப்பது ஒரு வழி. இவ்வியல்பு புளோரொளிர்வு எனப்படும். இதற்குதவும் சேதனச் சாயங்கள் பல விரைவில் வெளிறிவிடுவன. குவாண்டம் புள்ளிகள் எனப்படும் கதமியப் பளிங்குத் துணுக்குகள் நெடுநேரம் ஒளிர்வன. ஆனாற் கதமியம் நஞ்சு. இந்நிலையிலேதான் சில அணுக்களே தடிப்பான ஏடுகள் ஆய்வாளர் கருத்தைக் கவர்ந்தன.

2004 ஆம் ஆண்டில் மஞ்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தில் கைம், நோவோசெலோவ் என்னும் இருவர், ஒட்டுநாடாவைக்கொண்டு காரீயத்திலிருந்து ஓரணுத் தடிப்புள்ள ஏட்டை உரித்தெடுத்தனர். அதுவே கிராபீன். (பென்சிலினுள் இருக்கும் அதே காரீயந்தான், நம் நாட்டுப் பொகலச் சுரங்கத்துக் காரீயம் தூய்மைக்குப் பெயர்போனது.) 2010 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வியப்பு யாதெனில், அகன்ற கிராபீன் ஏடு இவ்வாறு ஒளிர்வதில்லை. ஒளியை உமிழ்வதற்கு இலத்திரன் மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்குக் குதித்தல் வேண்டும். கிராபீனிற் படியில்லை, சரிவே உண்டு. அதனைச் சில நனோமீற்றர் அகலமுள்ள துணுக்குகளாக்கினாற் படி தோன்றுகின்றது; ஒளியும் பிறக்கின்றது. பொறிகளுக்கு மசகாக இடப்படும் மொலிப்தனம் இருசல்பைட்டோ வேறு வகை. கட்டியாயிருக்கையில் ஒளிராததுபோன்றிருக்கும் அது, தனியேடானதும் செந்நிறமாய் ஒளிர்வதை 2010 இல் அறிந்தனர். அதனை நறுக்கவும் வேண்டுவதில்லை.

கிராபீன் துணுக்குகள் பலவற்றை ஒளிர்விக்க நீல ஒளியோ ஊதாக்கடந்த ஒளியோ வேண்டும். அவ்வொளி கலத்தை வருத்தும்; கலத்தினுள்ளே இயல்பாயமைந்த பொருள்களையும் ஒளிர்வித்துக் காட்சியைக் குழப்பும். ஆதலாற் செந்நிறத்தை உட்கொண்டு அதனினும் நீண்ட அலையை உமிழ்வனவற்றையே யான் பெரிதும் மதிப்பேன்.

'கலத்துக்குத் தீங்கற்றது' என்னும் சொற்றொடர் இத்துறைக் கட்டுரைகளில் மிக எளிதாக வழங்கிவருகின்றது. கண்ணாடித் தட்டில் வளர்த்த கலம் இரண்டொரு நாள் பிழைத்ததென்பது நற்சான்றாகாது. உடலினுட் செலுத்தப்படும் துணுக்கு ஏறக்குறைய 5 நனோமீற்றருக்கு உட்பட்டதாயிற் சிறுநீரோடு வெளியேறக்கூடும். அதனிற் பெரியன பெரும்பாலும் ஈரலிலும் மண்ணீரலிலும் சென்று தங்கும்.