நாலு பாயிண்ட்டுக்கு ஒரு ரூபாய்!

பி.காம். படித்த பாவத்துக்கு, எங்கள் தெருவில் யாருக்குக் கிரெடிட் கார்டு வந்தாலும் கவரோடு என்னிடம்தான் வருகிறார்கள். "சார், பெட்ரோலுக்கு எது பெஸ்ட்? மளிகைக்கு எது பெஸ்ட்?" இரண்டு வரனின் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பெண்ணைப் பெற்றவர் மாதிரி முகம்!

சரி, ஒரு ஜாதகத்தைப் பிரிப்போம். 2017-ல் வந்த பாரத் பெட்ரோலியம் - எஸ்.பி.ஐ. கார்டு. அவர்கள் பங்க்கில் தேய்த்தால் நாலேகால் சதவீதம் லாபம் என்று விளம்பரம். எப்படி வந்தது நாலேகால்? நூறு ரூபாய்க்கு 13 பாயிண்ட். நாலு பாயிண்ட் ஒரு ரூபாய். ஆக, மூன்றேகால். மிச்சம் ஒரு சதவீதம்? அது 'சர்சார்ஜ் தள்ளுபடி'. கார்டில் பெட்ரோல் போட்டால் ஒரு சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். அப்புறம் திருப்பித் தருவார்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்த ஒரு சதவீதமே கிடையாது, சார்! நம்ம பாக்கெட்டிலிருந்தே எடுத்து நமக்கே மொய் எழுதுகிறார்கள். அந்த சர்சார்ஜ் மேல் விழுகிற 18 சதவீத ஜி.எஸ்.டி. போனது போனதுதான். வேறு பல கார்டுகளில் 400, 500 ரூபாய்க்குக் குறைவாகப் போட்டால் தள்ளுபடியும் இல்லை. "இருநூறுக்குப் போடுப்பா" என்று பழகிய நமக்கு அது எதற்கு?

(2016 டிசம்பரில், செல்லாத நோட்டு சமயத்தில், அரசு எண்ணெய்க் கம்பெனி பங்க்குகளில் கார்டுக்கு முக்கால் சதவீதம் தள்ளுபடி கொடுத்தார்கள். 2019 அக்டோபரில் கிரெடிட் கார்டுக்கு நிறுத்தினார்கள். கொடுத்ததும் பலருக்குத் தெரியாது, நிறுத்தியதும் தெரியாது!)

எனக்கு ஒரு நண்பர். வீடு திருமங்கலம், ஆபீஸ் மதுரை. போக வர தினம் நாற்பது கிலோமீட்டர். மாதம் 2,500 ரூபாய்க்குப் பெட்ரோல், 6,000 ரூபாய்க்கு மளிகை. பெட்ரோலுக்கு 325 பாயிண்ட், அதாவது 81 ரூபாய். மளிகைக்கு நூற்றுக்கு 5 பாயிண்ட். 300 பாயிண்ட், 75 ரூபாய். மொத்தம் மாதம் 156 ரூபாய்.

"வருஷத்துக்கு ஆயிரத்து எண்ணூறுக்கு மேலண்ணே! சும்மா வர்ற காசு. அடுத்த மாசத்துலேர்ந்து மளிகையை சூப்பர் மார்க்கெட்டுக்கு மாத்திரப் போறேன்" என்றார்.

"அப்போ அண்ணாச்சி கடை?"

"அவரு கார்டு வாங்க மாட்டாருண்ணே."

வாங்காததற்குக் காரணம் இருக்கிறது. 2022-லிருந்து ரூபே கிரெடிட் கார்டை போனில் இணைத்து ஸ்கேன் பண்ணலாம். ஆனால் கடைக்காரர் வியாபாரி என்று பதிவு செய்து வாங்கிய கியூ.ஆர். அட்டையாக இருக்க வேண்டும். அண்ணாச்சி மாட்டியிருப்பது அவருடைய சொந்தக் கணக்கின் அட்டை. அதில் கிரெடிட் கார்டு பருப்பு வேகாது.

ஆனால் அண்ணாச்சியிடமும் ஒரு கிரெடிட் கார்டு இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு. மேலே பிள்ளையார் சுழி. மாசம் பூராவும் எழுதுவார். சம்பளம் வந்ததும் கொடுத்தால் போதும். அஞ்சு நாள் தள்ளினால் "என்ன தம்பி, ஆளையே காணோம்?" என்பார். அவ்வளவுதான் லேட் ஃபீஸ்.

2020 லாக்டவுனில் நண்பருக்கு இரண்டு மாதம் பாதிச் சம்பளம். வங்கிகளும் அப்போது தவணையைத் தள்ளிப்போடலாம் என்றன. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை அவகாசம் கொடுத்தது. கட்டுவதுதான் தள்ளிப்போனதே தவிர, கார்டு பாக்கிக்கு வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அண்ணாச்சி நோட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் மட்டும்தான் ஓடியது. வட்டி என்று ஒரு வரி கிடையாது. நண்பர் அந்தப் பாக்கியை அடைக்க தீபாவளி வரை ஆயிற்று.

இப்போது கார்டுப் பக்கம் பாருங்கள். ஒரு மாதம் அந்த 8,500-ஐக் கட்டத் தவறினால்? மாதம் மூன்றரை சதவீதம் என்று பிடித்தால் 297 ரூபாய் 50 காசு வட்டி. அதன் மேல் ஜி.எஸ்.டி. 53 ரூபாய். ஆக 351. இரண்டு மாதப் பாயிண்ட்டும் காலி, மேலே நாற்பது ரூபாய் தண்டம்! லேட் ஃபீஸ் தனி. 'மினிமம் டியூ' கட்டினால் லேட் ஃபீஸ் வராது, வட்டி வரும். அதுவும் பொருள் வாங்கிய தேதியிலிருந்து. பாக்கி தீரும் வரை புதிதாக வாங்குகிற வெங்காயத்துக்கும் முதல் நாளிலிருந்தே மீட்டர் ஓடும்.

சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் இன்னொரு சங்கடம். அண்ணாச்சி கடையில் சீட்டில் எழுதிப் போகிறோம். அங்கே வண்டி தள்ளிக்கொண்டு போகிறோம். பருப்பு வாங்கப் போன நண்பர் பிஸ்கட், ஷாம்பூ, ஒரு பிளாஸ்டிக் முக்காலியோடு வந்து நின்றார். முக்காலிக்கும் பாயிண்ட் உண்டாம்! மூட்டைக் கணக்கில் வாங்குகிறவருக்கு நான் கீழமாசி வீதிக்குத்தான் வழி சொல்வேன். அங்கே மொத்த விலையில் மிஞ்சுவதை எந்தக் கார்டும் கொடுக்காது.

நான் சொன்ன தீர்ப்பு இதுதான்: பெட்ரோலுக்குக் கார்டு. மளிகைக்கு நோட்டு. சம்பளம் விழுந்த மறுநாளே முழு பில்லும் கணக்கிலிருந்து தானாகப் போகிற மாதிரி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நண்பர் முகம் தொங்கிப் போச்சு. அவருடைய வீட்டம்மாதான் "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று எனக்கு இன்னொரு காபி கொண்டுவந்து வைத்தார்.

மூன்று மாதம் ஆயிற்று. 975 பாயிண்ட் சேர்ந்திருக்கிறது. 243 ரூபாய். லிட்டர் நூறு ரூபாய், மைலேஜ் நாற்பத்தைந்து என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டு நாள் ஆபீஸ் போய் வரலாம். மூன்றாம் நாள் காலையிலும் போய்விடலாம். சாயங்காலம் திரும்பும்போது திருப்பரங்குன்றம் பக்கத்தில் வண்டி நின்றுவிடும்.

"பரவாயில்லண்ணே, முருகனைப் பாத்துட்டு பஸ் ஏறிக்கிறேன்" என்கிறார்.