ஊரை விழுங்கிய மலைக்கு ஒரு தட்டு பூ!

பாலித் தீவில் பெயரைக் கேட்டாலே, அவர் எத்தனையாவது பிள்ளை என்று சொல்லிவிடலாம். மூத்தது வாயன். அப்புறம் மதே, நியோமன், கெதுத். ஐந்தாவது பிறந்தால்? மறுபடியும் வாயன்தான்! எங்கள் டிரைவர் ஒரு கெதுத்.

உபுத்திலிருந்து படிக்கட்டு வயல்கள், ஆரஞ்சுத் தோட்டங்கள் தாண்டி கிந்தாமணி போனால் ஜிலீரென்று காற்று. அங்கிருந்து பாத்தூர் ஏரிக்கு இறங்கினோம். எதிரே 1,717 மீட்டர் உயரத்தில் பாத்தூர் எரிமலை. அடிவாரமெங்கும் உறைந்துபோன கறுப்புக் குழம்பு. 1926-ல் பாத்தூர் கிராமத்தையும் கோயிலையும் அது விழுங்கிவிட, ஜனங்கள் மேலே ஏறிப்போய்ப் புது ஊர் கட்டிக்கொண்டார்கள்.

டிரைவர் வண்டியை நிறுத்தினார். தென்னங்குருத்துத் தட்டில் பூ, துளியூண்டு சோறு. ஊதுபத்தி கொளுத்தி, மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஊரையே அழிச்ச மலைக்கா பூஜை?" என்றேன்.

கரையோர வெங்காய வயலைக் காட்டினார். "அது கக்கின சாம்பல்லதான் சார் இதெல்லாம் விளையுது. கோபம் ஒரு நாள்தான். சோறு தினமும் போடுதே!"

இன்க்ரிமென்ட்டை வெட்டிய மேனேஜரோடு மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத நான், சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.