அட்டையில் இடம் இருந்தது

போன ஆடியில் ஒரு சாயங்காலம், மீன்சுருட்டி கடைத்தெரு டீக்கடையில் யாரோ ஒருவர் போனில் ‘வா வெண்ணிலா’ ஓடிக்கொண்டிருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துத் திருவாதிரைக்குப் போய்த் திரும்பிய கூட்டம், பெஞ்சில் இடமில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். “மெட்டு எம்.எஸ்.விஸ்வநாதன்” என்று வாயைத் திறந்தேன்.

சிங்கப்பூரில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், உடனே மறித்தார். “எம்.எஸ்.வி.க்கும் அந்தப் படத்துக்கும் என்னண்ணே சம்பந்தம்? முழுக்க ராஜா. எங்க வீட்டுல கேசட்டு இன்னும் கெடக்கு. அட்டையில அப்படித்தான் இருக்கு.”

“அட்டையில தப்பா இருக்கும் தம்பி.”

“நீங்க எழுதிக் குடுத்த அட்டைதாண்ணே அது!”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் சொன்னதில் தப்பில்லை. எழுதியது நான்தான். தெரியாமல் எழுதவில்லை, தெரிந்தே எழுதினேன். அதைச் சொல்லத்தான் இது.

1986இல் எனக்கு 22 வயது. அப்போது எங்கள் ஊர் திருச்சி மாவட்டம். அரியலூர் மாவட்டமெல்லாம் பிற்பாடு வந்தது. கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் போகிற பஸ்ஸெல்லாம் கடந்து போகும் சாலையோரத்தில் ஒரு சின்னக் கடை போட்டேன். பெயர் ரெக்கார்டிங் சென்டர். ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு டேப் டெக், சுவரில் ராஜா படம். ஆட்கள் துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். சி-60 கேசட் என்றால் பக்கத்துக்கு அரை மணி நேரம். பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு பிடிக்கும். ரெக்கார்டிலிருந்து கேசட்டில் ஏற்றி, அட்டையில் அழகாக எழுதிக் கொடுப்பேன். சட்டப்படி அது திருட்டு. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் நடந்த திருட்டு என்பதால் குற்றம் குறைந்துவிடாது. அதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வருஷம்தான் ‘மெல்லத் திறந்தது கதவு’ வந்தது. ஏ.வி.எம். படம். இயக்கம் ஆர்.சுந்தர்ராஜன்; மோகன், ரேவதி, அமலா. ரெக்கார்டைக் கும்பகோணத்தில் வாங்கினேன். அணைக்கரைப் பாலத்தில் பஸ் ஊர்ந்த நேரமெல்லாம், தட்டு வளைந்துவிடக் கூடாதே என்று மடியில் படுக்க வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். உறையில் இசை என்ற இடத்தில் இரண்டு பெயர்: எம்.எஸ்.விஸ்வநாதன், இளையராஜா. முதல் பெயரைப் பார்த்ததும் எனக்கு வந்தது எரிச்சல்தான்.

ஏன் என்று யோசித்துப் பார்க்கிறேன். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது நான் பன்னிரண்டு வயதுப் பையன். குழாய் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டுகள் வந்தபோது, எங்கள் வயலையும் முந்திரிக்காட்டையும் தெரிந்த ஒருவர் சினிமாவுக்குள் போய்விட்டார் என்று தோன்றியது. அன்றிலிருந்து ராஜா எங்கள் ஆள். விஸ்வநாதன் அப்பா காலத்து ஆள். 1986இல் அவருக்கு 58 வயது. ‘ராஜா தயவில் பெயர் போட்டுக்கொள்கிறார்’ என்று கடையில் உட்கார்ந்து நான் சொல்லியிருக்கிறேன். 1952இல் சி.ஆர்.சுப்பராமன் இறந்தபோது அவர் விட்டுப்போன ‘தேவதாஸ்’ வேலையை முடித்துக் கொடுத்தவர்களில் ஒருவர் இந்த மனிதர் என்று எனக்கு அப்போது தெரியாது. ராஜா யாரிடம் உதவியாளராக இருந்தாரோ அந்த ஜி.கே.வெங்கடேஷ், விஸ்வநாதனிடம் வேலை பார்த்தவர் என்பதும் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் திருந்தியிருப்பேனா என்றால், சொல்ல முடியாது.

தட்டு ஒரு சீரான தட்டு அல்ல. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ‘வா வெண்ணிலா’வும் ‘ஊரு சனம் தூங்கிருச்சு’ம் எங்கோ இருக்கின்றன. சித்ரா பாடிய ‘குழலூதும் கண்ணனுக்கு’ துள்ளிக்கொண்டு போகிறது. மற்ற பாட்டுகளில் சில, கதைக்குத் தேவை என்று வந்து நிற்கின்றன. இரண்டு கை பட்ட சமையல் எல்லா உருண்டையிலும் ஒரே உப்பாக இருக்காது. அது குறையே இல்லை. குறை என்னிடம் இருந்தது. நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன்: பாட்டு நன்றாக இருந்தால் ராஜா, தொய்ந்தால் விஸ்வநாதன். கடைக்கு வருகிறவர்களிடம் அடித்துச் சொல்வேன். ஒருவரும் மறுத்ததில்லை, எல்லாரும் என் வயசுப் பையன்கள்.

மறுத்தவர் ஒரே ஒருவர். என் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் பக்கத்தில் மைக் செட் போடுகிறவர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், காரியம் எல்லாவற்றுக்கும் அவர் குழாய்தான். ரெக்கார்டில் முள்ளை எப்படி இறக்க வேண்டும், தட்டை எப்படி விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவர். அவருக்கு விஸ்வநாதன் – ராமமூர்த்தி என்றால் உயிர். ராமமூர்த்தி திருச்சிக்காரர் என்பதில் தனிப் பெருமை, ‘நம்ம ஜில்லா’ என்பார். 1965இல் இருவரும் பிரிந்தது அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மைக்கைப் பிடித்துப் படம், பாடியவர், இசை என்று சொல்லிவிட்டுத்தான் முள்ளை இறக்குவார். ‘தட்டுல என்ன போட்டிருக்கோ அதைச் சொல்லணும் மாப்ள. நம்ம இஷ்டத்துக்குக் கூட்டிக் கொறச்சிச் சொல்லக் கூடாது’ என்பது அவர் தொழில் தர்மம்.

ஒரு நாள் கடைக்கு வந்தவர், மேசையில் வரிசையாக இருந்த கேசட்டுகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

“மாப்ள, இதுல ஒரு பேரு விட்டுப்போச்சு.”

“எடம் இல்ல மாமா.”

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். மேலே என் கடைப் பெயர், சிவப்பு ஸ்கெட்சில் எழுதிப் பச்சையில் நிழல் கொடுத்தது, பாதி அட்டையை அடைத்துக்கொண்டு இருந்தது. இரண்டு பக்கமும் பூ வேறு. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேசட்டை இருந்த இடத்தில் வைத்தார். “சரி” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதுவரை சொன்னது டீக்கடையில் பாதிப் பேருக்குத் தெரியும். இனிச் சொல்வது என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது.

1987 தை மாதம், பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம். மாமாவுக்கு ஒத்தாசையாக நான் ஆம்ப்ளிபயரிடம் உட்கார்ந்திருந்தேன். பெண் அழைப்பு முடிந்த நேரம். என் சேக்காளிகள் பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டு ‘வா வெண்ணிலா’ போடச் சொல்லிக் கத்தினார்கள். மாமா மைக்கை எடுத்தார். படப் பெயர் சொன்னார். பாடியவர்கள் எஸ்.பி.பாலசுப்பிரமணியம், எஸ்.ஜானகி என்றார். “இசை...” என்று தொடங்கினார். அந்தப் பெயர் வந்தால் பையன்கள் ஊளையிடுவார்கள், என்னையும் சேர்த்துக் கிண்டல் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். மைக் வால்யூம் என் விரலுக்கடியில் இருந்தது. திருகிவிட்டேன். குழாயில் ஒன்றுமில்லை. அவர் உதடு அசைந்து நின்றதும் திருப்பி ஏற்றினேன். “...இளையராஜா” என்பது மட்டும் ஊருக்குக் கேட்டது. விசில் பறந்தது. முள் இறங்கியது.

மாமாவுக்கு வயரில் கோளாறு என்று தோன்றிவிட்டது. மறுநாள் வீட்டுத் திண்ணையில் மைக்கின் ஜாக்கைக் கழற்றினார். நன்றாக இருந்த வயரை வெட்டி, நுனியைச் சீவி, ஈயம் வைத்துப் புதிதாகப் பற்றவைத்தார். வெளிச்சம் போதவில்லை என்று என்னை டார்ச் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். “இப்ப பேசிப் பாரு” என்று மைக்கைக் கொடுத்தார். “ஹலோ, ஹலோ” என்றேன். “பாத்தியா, சரியாயிருச்சு” என்றார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 2003இல் அவர் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் மூன்று நாள் இருந்தேன், அப்போதும் சொல்லவில்லை.

பாட்டைப் பற்றி எனக்கு நானே போட்டுக்கொண்ட கணக்கு உடைந்தது அதற்கும் பிறகுதான். அந்தப் படத்தில் மெட்டு விஸ்வநாதன், வாத்தியச் சேர்ப்பும் பின்னணி இசையும் ராஜா என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் பாகப்பிரிவினை. அது உண்மை என்றால், நான் ராஜா பங்கில் எழுதிவைத்து உருகிய ‘வா வெண்ணிலா’வின் மெட்டு, நான் ஆள் முடிந்துபோனார் என்று சொன்ன அந்த மனிதருடையது. அந்த மெட்டுக்கு ராஜா போட்ட இழைகளைக் கழற்றிவிட்டால் நான் அத்தனை உருகியிருப்பேனா என்றால் அதுவும் சந்தேகம். இருவரும் இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை. ரெக்கார்டு உறையில் இரண்டு பெயர் போட்டதற்குக் காரணமே அதுதான். எனக்கு ஒரு பாட்டுக்குள் இரண்டு பேரைக் கேட்கத் தெரியவில்லை. ஜெயித்தவர் ஒருவர், தோற்றவர் ஒருவர் என்றால்தான் காதில் ஏறியது. எம்.ஜி.ஆர். – சிவாஜி, ரஜினி – கமல் என்று பிரித்தே பழகிய காது.

பெயரைப் பங்கு போட்டுக்கொள்வது விஸ்வநாதனுக்குப் புதிதல்ல. 1952இல் ‘பணம்’ படத்திலிருந்து 13 வருஷம் ராமமூர்த்தி பெயரோடு சேர்ந்தே வந்தவர். பிரிந்து 30 வருஷம் கழித்து 1995இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்கு அதே ராமமூர்த்தியோடு மறுபடி உட்கார்ந்தார். ராஜாவோடும் ‘செந்தமிழ்ப் பாட்டு’, ‘செந்தமிழ்ச் செல்வன்’, ‘விஷ்வதுளசி’ என்று தொடர்ந்தார். எல்லாம் ஓடியதா, எல்லாம் நின்றதா என்றால் இல்லை. வயதானவர் தன் மேடையில் இன்னொருவருக்கு இடம் விட்டு வேலை செய்தார், அவ்வளவுதான். 1999இல் கார்லோஸ் சந்தானா என்ற ராக் கிட்டார்காரர், ஐம்பதைத் தாண்டிய வயதில், இளம் பாடகர்கள் பலரோடு சேர்ந்து ‘சூப்பர்நேச்சுரல்’ என்று ஒரு ஆல்பம் போட்டார். துபாயிலிருந்த என் தங்கை மகன் அந்த சி.டி.யைக் கொண்டுவந்து காட்டினான். அதிலும் மேடு பள்ளம் உண்டு. ஆனால் பாட்டுக்குப் பாட்டு, கூடச் சேர்ந்தவர் பெயரைப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு என் சிவப்பு ஸ்கெட்ச் ஞாபகம் வந்தது. சி.டி.யைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

விஸ்வநாதன் 2015 ஜூலை 14 அன்று இறந்தார். ராஜா ‘என்னுள்ளில் எம்.எஸ்.வி.’ என்று பெயர் வைத்து அவருக்காக ஒரு கச்சேரியே நடத்தினார். ரசிகனாக நான் யாருக்காகச் சண்டை போட்டேனோ அவருக்கு அந்தச் சண்டையே இருந்ததில்லை.

டீக்கடையிலிருந்து வந்த அன்றிரவு பரணில் இருந்த பழைய ரெக்கார்டை எடுத்தேன். போட்டுக் கேட்க பிளேயர் இல்லை. விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன். மைக் செட்காரர்களுக்கு இது தெரியும்: அதிகம் ஓடிய பாட்டின் பட்டை முள் பட்டுத் தேய்ந்து சாம்பல் பூத்திருக்கும், ஓடாதவை வாங்கிய அன்று போலக் கறுப்பாக மினுங்கும். என் தட்டில் சில பட்டைகள் சாம்பல். நான் ‘தொய்வு’ என்று தள்ளிய பாட்டுகளின் பட்டைகள் கறுத்துப் பளபளவென்று இருந்தன. அவற்றை நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை. கேட்காமலேயே தீர்ப்பு எழுதியிருக்கிறேன், அதுவும் ஒருவர் தலையில்.

இரண்டு நாள் கழித்துச் சிங்கப்பூர்க்காரர் வீட்டுக்குப் போய் அந்தக் கேசட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். என் கடைப் பெயரில் பச்சை வெளுத்து, சிவப்பு மட்டும் நின்றிருந்தது. அடியில் ‘இசை: இளையராஜா’. அதற்குக் கீழே அட்டை முடியும்வரை ஒரு விரல் அகலம் வெறுமை. அவருடைய பேனாவை வாங்கி எழுதினேன். “இவ்ளோ வருஷம் கழிச்சு எதுக்குண்ணே?” என்றார். மாமா கதையை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மீன்சுருட்டியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் 1986க்குப் பிறகு என் கடையில் கேசட் பதிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பெட்டியைத் திறந்து பாருங்கள். ‘மெல்லத் திறந்தது கதவு’ அட்டை இருந்தால், ராஜாவின் பெயரை அடிக்க வேண்டாம். பக்கத்திலோ கீழேயோ எம்.எஸ்.விஸ்வநாதன் என்று எழுதிக்கொள்ளுங்கள். இடம் இருக்கிறது.